புற்றுநோய் போயிடுச்சு... விரல்கள்தான் இன்னும் மரத்துக்கிடக்கு!

கீமோவுக்குப் பின் வரும் நரம்புப் பாதிப்பு: யாருக்கு வரும், என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

கீரமங்கலம் பக்கம் பூ கட்டுகிற பெண்களின் கைகளைப் பார்த்தால் தெரியும். கண்கள் எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும். விரல்கள் பாட்டுக்கு வாழைநாரைச் சுழற்றி மல்லிகையையும் கனகாம்பரத்தையும் கோத்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில் நாரை இறுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பதை விரல் நுனியே முடிவு செய்கிறது. அந்த விரல் நுனியில் உணர்ச்சி இல்லாமல் போனால்? நார் கையில் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதையே குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால்?

மார்பகப் புற்றுநோய், குடல் புற்றுநோய், ரத்தப் புற்றுநோய் என்று சிகிச்சை எடுத்து மீண்டு வந்த பலருக்கும் இதுதான் நிலை. தலைமுடி திரும்ப வளர்ந்துவிடும். வாய்ப்புண் ஆறிவிடும். பசியும் வந்துவிடும். ஆனால், விரல் நுனியிலும் பாதத்திலும் ஒரு மரமரப்பு மட்டும் போகாமல் நிற்கும். சிலருக்கு எறும்பு ஊர்வதுபோல, சிலருக்கு ஊசி குத்துவதுபோல, சிலருக்கு ராத்திரி படுத்தால் பாதம் பற்றி எரிவதுபோல. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு அடி நடந்துவிடுபவர்களும் உண்டு.

வீட்டில் சொன்னால், ‘உயிர் பிழைச்சு வந்ததே பெருசு, இதைப் போய்ச் சொல்லிக்கிட்டு...’ என்பார்கள். மருத்துவரிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதனால் பலரும் சொல்வதே இல்லை. சொல்லாமல் விடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

எத்தனை பேருக்கு வருகிறது?

மருத்துவர்கள் இதை ‘பெரிஃபெரல் நியூரோபதி’ என்கிறார்கள். மூளை, தண்டுவடத்துக்கு வெளியே கை கால்களுக்கு ஓடும் நரம்புகளில் ஏற்படும் பாதிப்பு. கீமோதெரபி எடுத்த 4,179 பேரை உள்ளடக்கிய 31 ஆய்வுகளைத் தொகுத்து 2014-ல் ஒரு கணக்கு வெளியானது. சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் சுமார் 68 சதவிகிதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. மூன்று மாதத்தில் அது 60 சதவிகிதமானது. ஆறு மாதம் கடந்த பிறகும் 30 சதவிகிதம் பேருக்கு நீடித்தது.

இந்தக் கணக்கில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, இது உங்களுக்கு மட்டும் வந்த விநோத நோய் இல்லை. இரண்டு, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. ஆனால், எல்லோருக்கும் முழுதாகப் போய்விடுவதில்லை.

கடைமடைக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும்

ஏன் விரல் நுனியும் பாதமும் மட்டும்? புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகளுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். கல்லணைக் கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது தஞ்சாவூர் வயல் இல்லை. கடைமடையில் இருக்கும் நாகுடிப் பக்கத்து வயல்தான். நரம்பும் அப்படித்தான்.

முதுகெலும்பை ஒட்டியிருக்கும் நரம்புச் செல்லிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஓடும் இழை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். இழைக்குத் தேவையான சத்தும் பழுதுபார்க்கும் பொருள்களும் அந்தச் செல்லில் தயாராகி, உள்ளே இருக்கும் நுண்ணிய குழல்கள் வழியாகக் கடைசி வரை போய்ச் சேர வேண்டும். வழியில் தடை வந்தால், நீளமான இழையின் நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால்தான் முதலில் கால்விரல், பிறகு கைவிரல். காலுறையும் கையுறையும் மாட்டியதுபோல இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரத்துப்போகிறது. ஒரு பக்கம் மட்டும் மரத்துப்போனாலோ, திடீரென்று ஒரு கை விழுந்தாலோ அது வேறு பிரச்னை. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சுடுகாட்டு மல்லி தந்த மருந்து

இதில் ஒரு மருந்தின் கதை நம் ஊர் மண்ணோடு தொடர்புடையது. வீட்டு வாசலிலும் இடுகாட்டோரத்திலும் தண்ணீர் ஊற்றாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணி. ‘சுடுகாட்டு மல்லி’ என்றும் சொல்வார்கள். ராமநாதபுரம், விருதுநகர் பக்கத்து வறண்ட நிலங்களில் இதைப் பயிராகவே போடுகிறார்கள். இந்தச் செடியிலிருந்து 1950-களின் இறுதியில் வின்பிளாஸ்டின் என்ற மருந்து கண்டறியப்பட்டது. தொடர்ந்து வந்த வின்கிரிஸ்டின், 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்தும் மருந்துக் கூட்டணியில் இன்றைக்கும் அதற்கு முக்கிய இடம் இருக்கிறது.

புற்றுநோய்ச் செல் இரண்டாகப் பிரிவதற்கு, உள்ளே நுண்குழல்கள் வேண்டும். வின்கிரிஸ்டின் அந்தக் குழல்களைக் கட்டவிடாமல் தடுக்கிறது. சிக்கல் என்னவென்றால், நரம்பு தன் நுனிக்குச் சத்து அனுப்புவதும் அதே வகைக் குழல்கள் வழியாகத்தான். எந்த வேலையால் மருந்து நோயைக் கொல்கிறதோ, அதே வேலையால் நரம்பையும் நோகடிக்கிறது. மருத்துவர் தப்பாகக் கொடுத்ததால் வந்ததில்லை இது. மருந்து வேலை செய்யும் விதமே அப்படி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ‘நித்தியகல்யாணியில்தானே மருந்து இருக்கு’ என்று இலையை மெல்வதோ, சர்க்கரைக்கு நல்லது என்று கஷாயம் வைத்துக் குடிப்பதோ கூடாது. செடியில் இருப்பது நஞ்சுத்தன்மை கொண்ட பொருள். ஆய்வகத்தில் பிரித்தெடுத்து, மில்லிகிராம் கணக்கில், ரத்தக்குழாய் வழியாக மட்டும் ஏற்றப்படுவதால்தான் அது மருந்தாகிறது.

எந்தெந்த மருந்தில் கவனம் வேண்டும்?

எல்லா கீமோவும் நரம்பைத் தொடுவதில்லை. வழக்கமாகத் தொடுபவை இவை:

* பாக்லிடாக்ஸல், டோசிடாக்ஸல் - மார்பகம், சினைப்பை, நுரையீரல் புற்றுநோய்களில்.

* சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் - கர்ப்பப்பை வாய், தலை-கழுத்து, குடல் புற்றுநோய்களில். சிஸ்பிளாட்டின் காது கேட்கும் திறனையும் குறைக்கக்கூடும். காதில் இரைச்சல் கேட்டால் உடனே சொல்ல வேண்டும்.

* வின்கிரிஸ்டின் - ரத்த, நிணநீர்ப் புற்றுநோய்களில். மலச்சிக்கலும் இதன் நரம்புப் பாதிப்பில் சேர்ந்ததுதான். சிகிச்சையில் இருக்கும் குழந்தை நடக்கும்போது முன்பாதம் தரையில் இழுபட்டால், சோம்பல் என்று அதட்டாதீர்கள். பாதத்தைத் தூக்கும் நரம்பு பலவீனமாகியிருக்கலாம்.

* போர்டிசோமிப், தாலிடோமைடு - மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில்.

ஏற்கெனவே சர்க்கரை நோய் இருப்பவர்கள், மதுப்பழக்கம் உள்ளவர்கள், பி12 சத்து குறைந்தவர்கள் சிகிச்சைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். நரம்பு ஏற்கெனவே களைத்திருந்தால் பாதிப்பு கூடலாம். மரத்துப்போவதற்குத் தைராய்டு குறைபாடுபோல வேறு காரணம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம். இவையெல்லாம் சரிசெய்யக் கூடிய காரணங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். சிஸ்பிளாட்டின், ஆக்ஸாலிபிளாட்டின் எடுத்தவர்களுக்கு, கடைசி ஊசி போட்ட பிறகும் இரண்டு மூன்று மாதங்கள் மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். ‘சிகிச்சைதான் முடிஞ்சிருச்சே, ஏன் அதிகமாகுது... நோய் திரும்ப வந்துடுச்சோ?’ என்று தூக்கம் கெடுத்துக்கொள்பவர்கள் பலர். பெரும்பாலும் அது மருந்தின் பின்விளைவுதான். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டால் நிம்மதி.

ஆக்ஸாலிபிளாட்டினும் ஐஸ் தண்ணீரும்

குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்ஸாலிபிளாட்டின், குளிர்ச்சியோடு ஒத்துப்போகாது. மருந்து ஏறிய சில நாள்களுக்கு ஃப்ரிட்ஜில் கை விட்டாலே ஷாக் அடித்ததுபோல இருக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகி, மூச்சே அடைப்பதுபோலத் தோன்றும். எனவே, அந்த நாள்களில் வெதுவெதுப்பான நீர்தான். ஜிகர்தண்டா, ஐஸ்கிரீம், மார்கழி விடியலில் குளத்துக் குளியல் எதுவும் வேண்டாம். திருச்சியிலிருந்து ஏ.சி பஸ்ஸில் திரும்புவதாக இருந்தால் கையுறை, காலுறை, கழுத்துக்கு ஒரு துண்டு கட்டாயம்.

பாக்லிடாக்ஸலுக்குக் கதை நேர்மாறு. மருந்து ஏறும் நேரத்தில் கை கால்களைக் குளிர்ந்த உறைகளால் மூடி வைத்தால் விரல்களுக்குப் போகும் ரத்தம் குறையும், மருந்தும் குறைவாகப் போகும் என்பது ஒரு யோசனை. சில ஆய்வுகளில் பலன் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் பரிந்துரைக்கும் அளவுக்கு இன்னும் உறுதியாகவில்லை. மருத்துவமனையில் வசதி இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். வீட்டு ஐஸ் கட்டியை வைத்து நீங்களாகச் செய்ய வேண்டாம்.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

‘கை கால் ஒரு மாதிரி இருக்கு டாக்டர்’ என்றால், கூட்டம் நிறைந்த ஓ.பி-யில் அது காற்றோடு போய்விடும். எந்த வேலையைச் செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள்.

‘ஜாக்கெட் ஹூக் மாட்ட முடியலை.’
‘சில்லறையை விரலால தடவிப் பார்த்து ஒரு ரூபாயா, ரெண்டு ரூபாயான்னு தெரியலை.’
‘ராத்திரி எழுந்து பாத்ரூம் போறப்ப தள்ளாடுது.’
‘பூ கட்ட முடியலை. நாலு மாசமா வருமானம் இல்லை.’

பாதிப்பின் அளவை மருத்துவர்கள் தரம் பிரிப்பதே இதை வைத்துத்தான். வெறும் மரமரப்பு என்றால் ஒரு தரம். சமையல், கடைகண்ணிக்குத் தடை என்றால் அடுத்தது. குளிக்க, உடுத்த, சாப்பிடவே அடுத்தவர் உதவி வேண்டும் என்றால் அதற்கும் மேல். அதைப் பொறுத்து அடுத்த ஊசியைத் தள்ளிப்போடலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். போர்டிசோமிப் மருந்தை ரத்தக்குழாய் வழியாகத் தருவதற்குப் பதில் தோலுக்கு அடியில் போட்டால் நரம்புப் பாதிப்பு குறைவு. இந்த முடிவுகள் எல்லாம் சிகிச்சை நடக்கும்போதுதான் எடுக்க முடியும். பயந்து மறைத்தால் அந்த வாய்ப்பு கைநழுவிப்போகும். அதேபோல, மரத்துப்போகிறதே என்று சொல்லாமல் கொள்ளாமல் கீமோவை நிறுத்துவது அதைவிட ஆபத்து.

மாத்திரை உண்டா?

இந்த நரம்புப் பாதிப்பைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மாத்திரை இதுவரை இல்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2014-ல் வெளியிட்டு, 2020-ல் புதுப்பித்த வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. வலியோடு கூடிய பாதிப்புக்கு அது பரிந்துரைக்கும் ஒரே மருந்து, டுலோக்ஸிடின். 231 பேரிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், இந்த மருந்தை எடுத்தவர்களில் 59 சதவிகிதம் பேருக்கு வலி குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவிகிதம் பேருக்குக் குறைந்தது. அதாவது உதவும், ஆனால் மந்திரம் இல்லை. வலிக்கும் எரிச்சலுக்கும்தான் பலன். மரத்துப்போன உணர்ச்சியை அது திருப்பித் தராது.

டுலோக்ஸிடின் அடிப்படையில் மனச்சோர்வுக்கான மருந்து. சீட்டைப் பார்த்துவிட்டு ‘எனக்கென்ன பைத்தியமா?’ என்று கோபப்பட வேண்டாம். நரம்பு வலிக்கும் அதே மருந்துதான். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுபவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று குறுக்கிடலாம். கபாபென்டின், பிரிகாபலின் போன்றவற்றையும் மருத்துவர்கள் சிலருக்குக் கொடுத்துப் பார்ப்பதுண்டு. அவற்றுக்கு ஆதாரம் குறைவு.

மருந்துக்கடையில் ‘நரம்புக்கு ஒரு மாத்திரை குடுங்க தம்பி’ என்று கேட்டு வாங்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படிக் கிடைக்கும் சில மாத்திரைகளில் அசிடைல் எல்-கார்னிடின் என்ற பொருள் கலந்திருக்கும். பாக்லிடாக்ஸல் வகை மருந்து எடுத்த மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் 2013-ல் வெளியான ஆய்வில், இதைச் சாப்பிட்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு குறையவில்லை, கூடியிருந்தது. வைட்டமின் பி6-ம் அப்படித்தான். அளவுக்கு மீறி, நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ‘நரம்புத் தளர்ச்சிக்கு நிரந்தரத் தீர்வு’ என்று சுவரில் எழுதியிருப்பதை நம்பிப் பணத்தைக் கொட்டவும் வேண்டாம்.

வெயில் ஊரில் மரத்துப்போன பாதம்

புதுக்கோட்டை போன்ற வறண்ட மாவட்டத்தில் உணர்ச்சியற்ற பாதத்துக்கு ஆபத்து அதிகம். சித்திரை வெயிலில் மண் சுடும். வரப்போரம் எல்லாம் சீமைக் கருவேல முள். வலி என்பது உடம்பின் காவல்காரன். அந்தக் காவல்காரன் தூங்கும்போது கண்தான் காவல் காக்க வேண்டும்.

* வீட்டுக்குள்ளும் செருப்பு போடுங்கள். வயலுக்குப் போகும்போது விரல் மூடிய, பின்பக்கம் வார் உள்ள செருப்பு அல்லது ஷூ நல்லது. போடும் முன் உள்ளே கல், முள் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.

* தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தின் அடிப்பகுதியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். பேரப்பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் விளையாட்டாகச் செய்வார்கள்.

* மெட்டி இறுக்கமாக இருந்தால் கழற்றி வைப்பதில் தவறில்லை. மெட்டிக்கு அடியில் புண் வந்தால் தெரியாது.

* மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட தீமிதி, உச்சி வெயிலில் வெறுங்கால் பாதயாத்திரை இரண்டையும் தவிர்க்க வேண்டும். வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றலாம். கோயில் பிராகாரத்தில் தடிமனான காலுறை போட்டுக்கொள்ளலாம்.

* எரிகிறது என்று ஐஸ் வைப்பதும், மரத்திருக்கிறது என்று சுடுநீரில் கால் வைப்பதும் வேண்டாம். குளிக்கிற நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள்.

* கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரியட்டும். இருட்டில் பாதம் தரையை உணராது. கண்ணும் இல்லை என்றால் விழுவது நிச்சயம்.

சமையலறையில், முந்தானையால் பாத்திரம் பிடிப்பதை விட்டுவிட்டு இடுக்கிக்கு மாறுங்கள். அரிவாள்மனை, கத்தி வேலையைக் கொஞ்ச நாள் அடுத்தவருக்குக் கொடுங்கள். கரண்டி, சாவி, பேனா ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் கைக்குப் பிடிபடும். ஜாக்கெட்டில் ஹூக்குக்குப் பதில் வெல்க்ரோ தைக்கலாம். ஆதனக்கோட்டை சாலையோரத்தில் முந்திரி வறுத்து உடைப்பவர்கள்போலச் சூட்டோடும் முந்திரித் தோட்டு எண்ணெயோடும் வேலை செய்பவர்கள், கையுறை இல்லாமல் உட்காரவே கூடாது. அந்த எண்ணெய் தோலைப் பொசுக்கும். மரத்த விரலுக்கு அது தாமதமாகத்தான் தெரியும்.

1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட மாவட்டம் இது. அன்று சைக்கிளில் ஏறியவர்களில் பலருக்கு இன்று ஸ்கூட்டர்தான் கால். ஆனால், விரல்கள் மரத்திருந்தால் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. உணர்ச்சி திரும்பும் வரை பின் சீட்டுதான் பாதுகாப்பு.

நடக்கிற கால் தேறும்

மருந்தைவிட எளிமையானது, செலவில்லாதது உடற்பயிற்சி. நரம்பு அனுப்பும் செய்தி குறைந்துபோனாலும், மிச்சம் வருவதை வைத்து மூளை சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. தினமும் சமதரையில் நடை. திண்ணைத் தூணையோ சுவரையோ பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பது. குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒரு பாதத்தின் நுனியைத் தொட்டு மறு பாதத்தின் குதிகாலை வைத்துக் கோடு போட்டதுபோல நடப்பது. கைக்கு, அரிசியில் கலந்த பயறைப் பிரித்தெடுப்பது, மாவு பிசைவது. முதல் சில நாள்கள் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

முறையாகக் கற்றுக்கொள்ள இயன்முறை மருத்துவர் உதவுவார். 2017-ல் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஊர் சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் போதும்.

ரேகை அழிந்தால்...

விரல் தோல் சிவந்து, உரிந்து, வலித்தால் அது நரம்புப் பாதிப்பு இல்லை. கேபசிடபின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு வரும் தோல் பாதிப்பு அது. சிலருக்கு விரல் ரேகையே மங்கிப்போகும். இந்த மாத்திரை சாப்பிட்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவர், ரேகை பதியாததால் அமெரிக்க விமான நிலையத்தில் நிறுத்திவைக்கப்பட்டது 2009-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. நம் ஊரில் அந்தச் சிக்கல் ரேஷன் கடையில் வரும். கருவிழிப் பதிவு இருந்தால் அதைக் கேளுங்கள்; அல்லது அட்டையில் பெயருள்ள வேறு ஒருவரை அனுப்புங்கள். சிகிச்சைச் சீட்டின் நகல் கையில் இருக்கட்டும்.

புதுக்கோட்டையின் மகள் கேட்ட கேள்வி

இந்த மண்ணுக்கும் புற்றுநோய் சிகிச்சைக்கும் ஒரு பழைய பந்தம் உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய் என்றால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்று பலரும் நினைத்த காலத்தில், விடாமல் போராடி 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கவைத்தார். அன்றைய கேள்வி, இவர்களைப் பிழைக்கவைக்க முடியுமா என்பது. இன்று எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். அதனால்தான் அடுத்த கேள்வி வருகிறது: பிழைத்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள்?

அதற்குப் பதில் பாதி மருத்துவரிடம், மீதி வீட்டில். மரத்துப்போன விரல் வெளியே தெரியாது. கட்டு இல்லை, தழும்பு இல்லை. பாத்திரம் கை தவறி விழுந்தால் ‘கவனம் எங்கே இருக்கு?’ என்றுதான் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்க உதவுங்கள். கொதிக்கிற சாதத்தை நீங்கள் வடித்துக் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது, அவர் சொல்லத் தயங்கினால் நீங்கள் சொல்லுங்கள்: ‘டாக்டர், இவங்களுக்குக் கை மரத்துப்போகுது.’ சிகிச்சை அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்கும்.